உறங்குவோர் ஒப்படைத்த கண்

பிறர் பார்க்கும்போது கடமையைச் செய்வது எளிது. பார்ப்பவர் எவருமின்றி, பாராட்டுவார் எவருமின்றி, நடு இரவில், ஒன்றும் நிகழாத இடத்தில் கண் இமைகளைத் திறந்து வைத்திருப்பது எளிதன்று. அங்ஙனம் விழித்திருப்பது அறமா, அன்றி வாங்கும் ஊதியத்துக்கு ஈடான வேலை மட்டுந்தானா? இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் ஓர் இளைஞர். கேட்ட இடம் போடிமெட்டு.

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் தமிழகமும் கேரளமும் கூடும் அவ்வெல்லையை அடையலாம். ஏலத்தோட்டக் குடியிருப்பொன்றில் அன்பர்கள் கூட்டியிருந்த சிறு கூட்டத்தில் பேசிவிட்டு, இரவு சோதனைச் சாவடிக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். பனிமூட்டம் பள்ளத்தாக்கை நிரப்பிக் கொண்டிருந்தது. சமவெளியின் விளக்குகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அப்பொழுது கீழிருந்து ஒரு லாரி ஊர்ந்து வந்தது. ஓட்டுநருக்குச் சாலை தெரியவில்லை. கிளீனர் பையன் கதவைத் திறந்து படியில் நின்று, சாலையோரத்தைக் குனிந்து பார்த்து, "வா, வா, இடம் இருக்கு, நிறுத்து" என்று சொல்லச் சொல்ல அந்த லாரி நகர்ந்தது.

அருகே அமர்ந்திருந்த இளைஞர் அதைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, நானும் இந்த வேலையைத்தான் செய்கிறேன். கப்பலில்" என்றார்.

ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகன் அவர். சரக்குக் கப்பலொன்றில் இரண்டாம் அதிகாரி. விடுமுறையில் வந்திருந்தார். மலைமுகட்டுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று வியந்தோம். பின்னர் நினைத்துப் பார்த்தால் வியப்பு இல்லை. நாம் அமர்ந்திருந்த நெடுஞ்சாலையே மேல்கடற்கரைக் கொச்சியில் தொடங்கிக் கீழ்கடற்கரைத் தொண்டியில் முடிவதன்றோ!

அவர் சொன்னார்: "இரவு பன்னிரண்டு முதல் நான்கு வரை, பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை என் வாட்ச். இரவில் கேப்டன் உறங்குவார். எல்லோரும் உறங்குவார்கள். நானும் துணைக்கு ஒரு மாலுமியும் மேல்தளத்தில் நிற்போம். பெரும்பாலான இரவுகளில் ஒன்றுமே நடப்பதில்லை. ஒன்றுமே நடவாத அந்த நான்கு மணி நேரத்தில் நான் என்ன நன்மை செய்தேன், ஐயா? ஒரு மருத்துவர் பத்துப் பேரைப் பிழைக்க வைத்தேன் என்று சொல்லலாம். நான் எதைச் சொல்வது?"

நாம் உடனே விடை கூறவில்லை. விடை கூறுமுன் அவ்வேலை இன்னதென்று அறிய வேண்டுமன்றோ? அவரையே சொல்லச் சொன்னோம். அவர் சொன்னதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் இங்கே தருகின்றோம்.

கடலில் கப்பல்கள் மோதாதிருக்க உலக நாடுகள் 1972ஆம் ஆண்டு வகுத்த விதிகள் 1977 முதல் நடப்பில் உள்ளன. அவற்றுள் ஐந்தாம் விதி காவல் பற்றியது. கண்ணாலும் காதாலும், ராடார் முதலிய கருவிகள் அனைத்தாலும், எந்நேரமும் தக்கவாறு கூர்ந்து நோக்கிக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். 'எந்நேரமும்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். நல்ல வானிலைக்கு விலக்கு இல்லை; அகன்ற வெறுங்கடலுக்கும் விலக்கு இல்லை.

இன்னொரு விதி உண்டு. எதிரே ஒரு விளக்குத் தெரிகிறது. அது நம் மீது மோதுமா, விலகிப் போகுமா? அதிகாரி திசைகாட்டியில் அவ்விளக்கு எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று குறித்துக் கொள்கிறார். சில நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கிறார். கோணம் மாறிக்கொண்டே போனால் பெரும்பாலும் அச்சமில்லை. கோணம் மாறாமல், விளக்கு அதே இடத்தில் நின்று கொண்டு, ஆனால் அருகே வந்து கொண்டிருந்தால், மோதல் நேரும் என்று கொள்ள வேண்டும். நகராதது போல் தோன்றுவதே பேரிடர்! ஒருமுறை மட்டும் பார்த்தவனுக்கு இது தெரியாது. மீண்டும் மீண்டும் பார்ப்பவனுக்கே தெரியும். ஆதலின் காவல் என்பது ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று அமைதி கொள்வதன்று. பார்த்ததையே மறுபடியும் பார்ப்பது.

இனி, இளைஞரின் கேள்விக்கு வருவோம். உறங்குகிறவன் என்ன செய்கிறான்? தன் கண்ணை மூடுகிறான். ஆனால் ஆபத்து மூடிக்கொள்வதில்லை. ஆகவே அவன் உறங்குமுன் தன் கண்ணை வேறொருவனிடம் ஒப்படைத்தே உறங்குகிறான். இருபது பேர் உறங்கும் கப்பலில் காவல் நிற்பவனிடம் இருபது பேரின் கண்கள் அடைக்கலப் பொருளாக இருக்கின்றன. அடைக்கலமாக வந்த பொருளை நம் விருப்பம்போல் செலவிட நமக்கு உரிமை உண்டோ? தம் பணத்தைத் தானம் செய்பவர் வள்ளல். பிறர் ஒப்படைத்த பணத்தைத் தானம் செய்பவரை உலகம் வேறு பெயரால் அழைக்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றோம் என்றால், காவல் கெடுவது தீயவர்களால் மட்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பல வேளைகளில் காவல் அன்பினால் கெடுகிறது. நடந்த ஒன்றைக் கூறுவோம்.

மொரீசியஸ் தீவை நம் அன்பர்கள் அறிவார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைக்க நம் மூதாதையர் கப்பலேறிச் சென்ற நாடு. இன்றும் தன் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைப் பொறிக்கும் நாடு. 2020ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், ஏறத்தாழ முந்நூறு மீட்டர் நீளமுள்ள 'வாகாஷியோ' என்னும் ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல், சரக்கின்றி பிரேசிலை நோக்கிச் செல்கையில், அத்தீவின் தென்கிழக்கே பவளப்பாறையில் ஏறி நின்றது. புயல் அதைத் தள்ளவில்லை, இயந்திரமும் பழுதாகவில்லை. முதலில் தீவிலிருந்து 22 கடல் மைல் தள்ளிச் செல்லத் திட்டம் இருந்தது. அதை ஐந்து மைலாகக் குறைத்தனர். பின்னர் இரண்டு மைலுக்கும் நெருங்க முனைந்தனர். எதற்காக? கரையிலிருந்து கைப்பேசி அலை கிட்டும் என்பதற்காக. அன்று கப்பலில் ஒருவருக்குப் பிறந்தநாள் விருந்து. கேப்டனும் மது அருந்தியிருந்தார். கண்ணாலும் ராடாராலும் செய்ய வேண்டிய காவல் செய்யப்படவில்லை. கையிலிருந்த கடல் வரைபடமும் கரையோரத்தைத் தெளிவாகக் காட்டப் போதுமானதன்று.

அக்காலம் பெருந்தொற்றுக் காலம். உலகெங்கும் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப இயலாது கப்பல்களிலேயே கிடந்த காலம். வீட்டாரின் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கத்தைக் குற்றம் என்று யார் சொல்வார்? தம் கீழ் உழைப்பவர்களின் ஏக்கத்தைக் கண்டு இரங்குகிற தலைவனைக் கல்நெஞ்சன் என்று யார் சொல்வார்? ஆயினும் ஆகஸ்டு 6ஆம் நாள் முதல் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் நீலக் கடலில் கசிந்தது. அத்தீவு மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் பொதிந்து நீண்ட மிதவைகளாகத் தைத்துக் கடலில் இட்டு எண்ணெயைத் தடுக்கப் போராடினர். ஆகஸ்டு 15ஆம் நாள் கப்பல் இரண்டாகப் பிளந்தது. இந்தியரான கேப்டனுக்கும் இலங்கையரான முதல் அதிகாரிக்கும் 2021 டிசம்பரில் இருபது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே நாம் கற்பது யாது? இரக்கம் நல்லதே. ஆனால் அவர்கள் எதிலிருந்து எடுத்து இரக்கம் காட்டினர்? கரையோர மீனவர் ஒப்படைத்த பாதுகாப்பிலிருந்து எடுத்துக் காட்டினர். அம்மீனவர் அந்தக் கப்பலின் பெயரையும் அறியார். எனினும் அவர்களின் கண்களும் அன்று அந்த மேல்தளத்தில் அடைக்கலமாக இருந்தன.

கப்பலுக்கு வெளியே உள்ளவரும் காவலனின் பொறுப்பே என்பதை நம் மேல்கடற்கரையும் கண்டுள்ளது. 2012 மார்ச் முதல் நாள் ஆலப்புழைக்கு அப்பால் 'பிரபு தயா' என்னும் சரக்குக் கப்பல் ஒரு மீன்பிடி படகோடு மோதிற்று. மீனவர் ஐவர் மாண்டனர். மோதிய கப்பல் நில்லாமல் சென்றது. பின்னரே சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பெருங்கப்பலின் மேல்தளத்தில் நிற்பவனுக்குச் சிறு படகின் விளக்கு ஒரு புள்ளி. அப்புள்ளிக்குள் ஐந்து குடும்பங்கள்.

மகிழ்ச்சியால் வரும் மறதியை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வள்ளுவர் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரமே வகுத்து, அதில் முதலாவதாக எடுத்துரைப்பது மகிழ்ச்சியில் பிறக்கும் சோர்வையே. புத்த ஜாதகக் கதைகளுள் மகாஜனக ஜாதகம் இதையே வேறு வகையில் காட்டுகிறது. கடலைக் காக்க நியமிக்கப்பட்ட தெய்வம் மணிமேகலா. நம் காப்பியத் தலைவி மணிமேகலைக்குப் பெயர் தந்த தெய்வமும் அவளே. கப்பல் உடைந்து மகாஜனகன் ஏழு நாள் கடலில் நீந்துகிறான். அந்த ஏழு நாளும் அத்தெய்வம் கடலைப் பார்க்கவில்லை! தேவலோக இன்பத்தில் நினைவு தளர்ந்திருந்தது என்று கதை கூறுகிறது. காவலுக்கு நின்ற தெய்வமே சோர்ந்தது என்று ஒளிக்காமல் எழுதி வைத்த அப்பெரியோரின் நேர்மையை எண்ணி நாம் வியக்கின்றோம். தெய்வம் சோரும் எனில், மனிதனாகிய நாம் 'நான் சோரமாட்டேன்' என்று சொல்லலாகாது. பாலி மொழியில் 'அப்பமாதம்' எனப்படும் சோர்வின்மை பிறவியில் வருவதன்று. ஒவ்வொரு மணி நேரமும் புதிதாக மேற்கொள்ள வேண்டியது.

பிறரைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் நம்மைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.

இளமையில் நாம் சமவெளியில் ஒரு நூற்பாலையில் தொழிலாளியாக இருந்தோம். பஞ்சு பேல்களைப் பிரித்து அடித்துத் தூய்மை செய்யும் 'புளோ ரூம்' பகுதியில் வேலை. பஞ்சோடு இரும்புத் துண்டு ஏதேனும் கலந்து வந்து இயந்திரத்தில் சிக்கினால் தீப்பொறி பறக்கும். நொடியில் பஞ்சு பற்றும். ஆதலின் அங்கே கண் அயரக் கூடாது. தங்கையின் திருமணம் நெருங்கியிருந்தது. கூடுதல் கூலிக்காகப் பகல் ஷிப்டு முடித்து இரவு ஷிப்டும் ஏற்றோம். இது இரண்டு நாள் தொடர்ந்தது. மூன்றாம் இரவு நின்றபடியே உறங்கினோம். புகை நாற்றம் எழுப்பியபோது, நம்மோடு வேலை செய்த பதினெட்டு வயதுத் தம்பி எரிகின்ற பஞ்சை வெறுங்கையால் இழுத்துப் போட்டுக் கொண்டிருந்தான். தீ பரவவில்லை. அவனது வலக்கையின் இரு விரல்கள் மடங்கிப் போயின. பதிவேட்டில் இயந்திரக் கோளாறு என்று எழுதப்பட்டது. நம்மை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அறவுரை கூறப் புகுந்த பின்னர், அவ்வுரைகளே நம்மைச் சுட்டன. அத்தம்பியைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் சிறிதும் திடுக்கிடவில்லை. "அண்ணே, அது எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் இரண்டு ஷிப்டு பார்த்ததும் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். தூக்கம் வருகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள் தம்பி என்று ஒரு வார்த்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் பார்த்திருப்பேனே" என்றார்.

நம் குற்றம் இன்னதென்று அன்றுதான் நாம் அறிந்தோம். உறங்கியதைக் குற்றம் என்று அதுவரை எண்ணியிருந்தோம். உடல் உறங்குவது இயற்கை. உறக்கம் வருவதை அறிந்தும், கூலி போய்விடுமே என்றும், இளையவன் முன் தாழ்வாகுமே என்றும் வாய் திறவாமல் நின்றோமே, அதுவே குற்றம்.

கப்பல் விதிகளைப் படித்தபோது இந்த உண்மையை அவற்றிலும் கண்டு தலை குனிந்தோம். பொறுப்பேற்க வருபவர் கடமையாற்றும் நிலையில் இல்லை என்று ஐயம் தோன்றினால், நிற்பவர் காவலை அவரிடம் ஒப்படைக்கலாகாது. கேப்டனுக்கு அறிவிக்க வேண்டும். வருபவர் தம் கண் இருளுக்குப் பழகிய பின்னரே பொறுப்பேற்க வேண்டும். கப்பல் ஓர் இடரிலிருந்து விலகித் திரும்பிக் கொண்டிருக்கையில் காவல் கைமாறக் கூடாது. மூடுபனி சூழ்ந்தாலோ, எதிர்க்கப்பலின் போக்கு ஐயத்துக்கு இடமானாலோ, கேப்டனை எழுப்ப வேண்டும். 'இதற்கெல்லாம் எழுப்பலாமா, நம்மைத் திறமையற்றவன் என்று எண்ணுவாரோ' என்னும் கூச்சம் அங்கே அறமாகாது. எழுப்பத் தயங்குபவன் தன் பெருமையைக் காக்கிறான், கப்பலைக் காக்கவில்லை.

காவலனுக்கு உறங்கும் கடமையும் உண்டு. இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரமேனும், ஏழு நாளில் 77 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்று உலக விதி இருக்கிறது. 2010 ஏப்ரல் 3ஆம் நாள் 'ஷென் நெங் 1' என்னும் நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஏறியது. காவலில் இருந்த முதல் அதிகாரி, சரக்கேற்றும் வேலையின் காரணமாக, அதற்கு முந்தைய ஒன்றரை நாளில் இரண்டரை மணி நேரமே உறங்கியிருந்தார். திருப்ப வேண்டிய இடம் கடந்தது அவருக்குத் தெரியவில்லை. ஆதலின் குறைந்த ஆட்களைக் கொண்டு நிறைந்த வேலை வாங்கும் முதலாளியும், ஓய்வு ஏட்டில் பொய்க் கணக்கு எழுதச் செய்பவரும் கரையிலிருந்தபடியே காவலைக் கெடுப்பவர்கள் என்போம். தொழிலாளியாக இருந்து வந்த நாம் இதைச் சொல்லாது விட்டால் மற்றொரு முறை வாய் மூடியவர்கள் ஆவோம்.

கருவி காவாதோ எனச் சிலர் கேட்கலாம். 2011 முதல் படிப்படியாகக் கப்பல்களில் ஒரு கருவி கட்டாயமாக்கப்பட்டது. மூன்று நிமிடம் முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வைக்கப்பட்ட ஒரு கெடுவில் அதிகாரி அதற்குத் தம் விழிப்பைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் அது ஒலிக்கும். அதற்கும் விடையில்லை எனில் உறங்கும் மற்ற அதிகாரிகளை எழுப்பும். நல்ல கருவியே. அது 'விழித்திருக்கிறாயா?' என்று கேட்கும். 'எதைப் பார்க்கிறாய், எதை எண்ணிக் கொண்டிருக்கிறாய்?' என்று கேட்க அதனால் இயலாது. அக்கேள்வியை அவரவர் மனமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் அன்றிரவே அந்த இளைஞரிடம் நாம் கூறினோம் அல்லோம். நூற்பாலைக் கதையை மட்டும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால், ஐயா, ஒன்றும் நடவாத அந்த நான்கு மணி நேரம்?" என்று மீண்டும் கேட்டார்.

அப்போது விடியலாகிக் கொண்டிருந்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஜீப்புகளின் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி வந்தன. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்திருந்தனர். மூன்று மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். பலர் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிக் கொண்டிருந்தனர். பதினேழு வளைவுகளையும் அவர்கள் பார்க்கவில்லை. ஓட்டுநர் பார்த்தார்.

"தம்பி, அவர்களைப் பாருங்கள்" என்றோம். "கீழே ஏறும்போது மூடிய கண்ணை அவர்கள் மேலே வந்து திறக்கப் போகிறார்கள். அந்த ஓட்டுநர் என்ன நன்மை செய்தார் என்று அவர்களைக் கேட்டால், ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். அந்த 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதே அவர் இன்று அவர்களுக்குச் செய்த நன்மை. நீங்கள் ஒவ்வோர் இரவும் செய்வதும் அதுவே. நன்றி வராது. வரவில்லை என்றால் உங்கள் காவல் பழுதின்றி நடந்தது என்று பொருள்."

அவர் எழுந்து நம் கையைப் பற்றிக்கொண்டார். அடுத்த மாதம் மீண்டும் கப்பலேறுவதாகச் சொன்னார்.

அன்பர்களே! கடலைக் காணாதவர்களும் நம்மில் பலர் உண்டு. ஆயினும் காவல் நில்லாதவர் நம்மில் எவருமில்லை. நோயாளியின் படுக்கையருகே இரவு விழித்திருக்கும் தாய், ரயில்வே கேட்டில் நிற்கும் ஊழியர், தேயிலைத் தொழிற்சாலையில் கொதிகலனைக் கவனிப்பவர், சங்கத்தின் சிறு பணப்பெட்டியை வைத்திருக்கும் செயலாளர் என எல்லோரிடமும் யாரோ தம் கண்ணை ஒப்படைத்து உறங்குகின்றனர். அந்தக் கண் நமதன்று என்பதை மறவாதிருப்போம். பார்த்ததை மறுபடியும் பார்ப்போம். இயலாதபோது கூசாமல் அருகிலிருப்பவரை எழுப்புவோம். எழுப்பப்பட்டால் சினவாமல் எழுவோம்.